வெறும் வயிறு என்று சொல்லப்பட்ட பிள்ளைகள்: லிந்துலை மலைக்கு இரத்தம் எடுக்கப் போன பயணம்

நுவரெலியாப் பக்கம் போகிறவர்கள் பெரும்பாலும் ஏப்ரலில், பூப் பார்க்கப் போவார்கள். நான் போனது பெப்ரவரியில், வேனுக்குள் ஐந்து குளிர்ப்பெட்டிகளோடு, சின்னப் பிள்ளைகளின் இரத்தத்தை ஏற்றி வர. படங்கள் அதிகம் இல்லை. பனிமூட்டமும் நீர்வீழ்ச்சியும் தேடி வந்தவர்கள் மன்னிக்க வேண்டும். இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து வாசிப்பவர்களில் பலர் என்னைப் போல இன்சுலின் போடும் பிள்ளையின் பெற்றோர். இது அவர்களுக்கு.

புதிதாக வந்தவர்களுக்காக ஒரு சிறு அறிமுகம். கொழும்பில் குளிர்ப்பெட்டி, ஐஸ் பொதி, கடற்கரை மீன் வாடிகளுக்கான உறைபெட்டி வியாபாரம் செய்கிறேன். யாரும் வைத்துத் தந்த கடை இல்லை, நானே உருட்டிப் புரட்டி எழுப்பியது. மகளுக்கு ஏழு வயதில் சீனி வியாதி வந்தது. பெரியவர்களுக்கு வருகிற வகை அல்ல. உடம்பின் காவல்படையே கணையத்தைப் போட்டுத் தாக்கும் வகை. நாங்கள் சளிக் காய்ச்சல் என்று இரண்டு நாள் கஷாயம் கொடுத்தோம். மூன்றாம் நாள் அவள் மூச்சு வாங்கிய விதத்தை இப்போது நினைத்தாலும் இருக்கையில் உட்கார முடியாது. பிழைத்தாள். இப்போது பதினொரு வயது.

அவளுக்குக் கீழே ஒரு மகன், ஐந்து வயது. பிரச்சினை அவன்தான். இந்த நோய் வெளியே தெரிவதற்குச் சில வருடங்களுக்கு முன்பே இரத்தத்தில் அடையாளம் காட்டத் தொடங்குமாம். அதற்குப் பெயர் எதிர்ப்பொருள். நோயாளிப் பிள்ளைகளின் கூடப்பிறந்தவர்களிடம் அதைத் தேடும் ஆய்வு ஒன்றைத் தொடங்கப் போகிறோம், உங்கள் மகனையும் சேர்க்கலாமா என்று மகளைப் பார்க்கும் டொக்டர் தர்ஷனி கேட்டார். வியாபாரத்தில் நாளைய விலையை இன்றே அறியத் துடிக்கிற ஆள், வீட்டு விஷயத்தில் ஊமையாகிவிட்டேன். மனைவி ஒரே வார்த்தையில் முடித்தாள்: “நீங்க போய்ப் பாருங்க. என்ன எடுக்கிறாங்க, எங்க கொண்டு போறாங்க, யாருகிட்ட சொல்றாங்க, எல்லாம் பாத்துட்டு வந்து சொல்லுங்க. அப்புறம் முடிவெடுப்போம்.”

ஆய்வுக்கு முன்னோட்டமாக லிந்துலைப் பக்கத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் ஒரு நாள் இரத்தம் எடுத்துப் பார்ப்பதாக இருந்தது. அவர்களுக்குப் பெட்டி வேண்டும், வாகனம் வேண்டும். எனக்குப் பதில் வேண்டும். பெட்டிகளை லாபம் வைத்துத்தான் விற்றேன், அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. வேனும் நானும் இலவசம்.

காலை பத்து மணிக்குக் கொழும்பிலிருந்து புறப்பட்டோம். அவிசாவளை, கித்துல்கல, கினிகத்தேனை வழியாக ஹட்டன் ஏறத்தாழ 130 கிலோமீற்றர். தூரத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். கித்துல்கலவுக்கு மேலே பாதை பாம்பு மாதிரி. இடையில் சாப்பாட்டோடு ஐந்தரை மணித்தியாலம் பிடித்தது. வேனை ஓட்டியது சுனில், எட்டு வருடமாக என்னோடு இருக்கும் சிங்களவர். ஒவ்வொரு வளைவிலும் என் வலது கால் தானாகத் தரையை மிதித்தது.

“முதலாளி, பிரேக் என் பக்கம்தான் இருக்கு. உங்க பக்கத்துல மிதிச்சா கார்ப்பெட்தான் கிழியும்,” என்றார்.

பின் இருக்கையில் டொக்டர் சிரித்தார். கண்டியில் வளர்ந்த தமிழ்ப் பெண், நாற்பது வயது இருக்கும். கேள்வி கேட்டால் முகம் சுளிக்காதவர் என்பதால் நான் வழி முழுக்க நச்சரித்துக்கொண்டே போனேன். வெளிநாட்டில் எல்லாம் கண்டுபிடித்தாகிவிட்டதே, இங்கே மறுபடி எதற்கு என்று கேட்டேன்.

“அங்க அளவெடுத்துத் தச்ச சட்டைங்க அது. நம்ம பிள்ளைகளுக்குப் போட்டுப் பாத்தாத்தானே தோள் சரியா இருக்கா, கை நீளமா இருக்கான்னு தெரியும்?” என்றார்.

கினிகத்தேனையில் தேநீர்க் கடை ஒன்றில் நின்றோம். அங்கேதான் அவர் திட்டத்தை விரித்தார். சுகமான பிள்ளையைக் கொழும்பிலும் நோயுள்ள பிள்ளையை மலையிலும் எடுத்து ஒப்பிட்டால், தெரிகிற வித்தியாசம் நோயுடையதா, ஊருடையதா என்று பிரிக்க முடியாது. அதனால் ஒரே வீட்டில் ஒரு நோயாளியும் ஒரு சுகமான சகோதரமும். எதிர்ப்பொருளோடு வேறு சில பொருள்களையும் அளப்பார்கள். கணையத்தில் எவ்வளவு உயிர் மிச்சம் என்று காட்டுகிற சி-பெப்டைட் அதில் ஒன்று. அதற்காக எல்லாப் பிள்ளைகளும் வெறும் வயிற்றோடு வர வேண்டும்.

“நோயாளி இரத்தம் எல்லாம் ஒரு பெட்டி, மத்தவங்களுது இன்னொரு பெட்டியா?” என்று கேட்டேன். லேபல் ஒட்ட நிறம் பிரித்து வைத்திருந்தேன்.

“ஐயோ, அந்தத் தப்ப மட்டும் பண்ணிடாதீங்க அண்ணன். ஒரு பெட்டி வெயில்ல சூடாச்சுன்னா, சூட்டால வந்த மாத்தத்த நோயால வந்ததுன்னு நெனச்சுப்போம். அக்காவும் தம்பியும் ஒரே பெட்டியில பக்கத்துல பக்கத்துல.”

கெட்டுப்போன ஒரு பெட்டி மீனால் முழு ஏற்றுமதியின் பெயரே கெட்டதைப் பார்த்தவன் நான். இது உடனே விளங்கியது. மனம் கொஞ்சம் ஆறியது. இந்தப் பெண் யோசித்துத்தான் செய்கிறார்.

ஹட்டனில் மூன்றரைக்கு இறங்கினோம். அறை வாடகை ஆறாயிரத்து ஐநூறு, சுடுதண்ணீர் உண்டு, வாளியில். அறையில் இருக்கப் பிடிக்காமல் நகரத்தின் பிரதான வீதியை மேலும் கீழுமாக நாலு தரம் நடந்தேன். மகளுக்கு அழைத்து, சீனி எவ்வளவு என்று கேட்டேன். சொன்னாள். தம்பி என்ன செய்கிறான் என்று கேட்டேன். “அப்பா, இப்பத்தானே கேட்டீங்க!” என்று அவள் கத்தினாள்.

மறுநாள் விடியற்காலை ஐந்தேகாலுக்குப் புறப்பாடு. ஹட்டனிலிருந்து தலவாக்கலை தாண்டி லிந்துலை வரை நல்ல பாதை, முக்கால் மணித்தியாலம் போதும். அங்கிருந்து தோட்டத்துக்கு ஏழு கிலோமீற்றர்தான், ஆனால் கொங்கிரீட்டும் குழியும் மாறி மாறி வரும். தாழ்ந்த வாகனத்தோடு போகாதீர்கள். லிந்துலைச் சந்தியில் ஓட்டோ கிடைக்கும். ஆயிரத்து இருநூறு கேட்டார்கள், பேசினால் ஆயிரத்துக்கு வருவார்கள். எங்கள் வேன் ஏறியது. பெட்டிகள் குலுங்கிய ஒவ்வொரு தடவையும் மூடி திறந்ததா என்று திரும்பிப் பார்த்தேன்.

இரத்தம் எடுத்த இடம் பிள்ளைக் காம்பரா. தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுச் செல்கிற தோட்டத்துப் பராமரிப்பு நிலையம் அது. அன்று ஞாயிற்றுக்கிழமை அல்ல, வேலை நாள். சுற்றுவட்டத் தோட்டங்களிலிருந்து ஐந்து தாய்மார், ஆளுக்கு இரண்டு பிள்ளைகளோடு, ஆறரைக்கு முன்பே வந்து சுவரோரம் குந்தியிருந்தார்கள். காலை ஆள் எடுக்கிற பெரட்டுக்குப் போகவில்லை என்றால் அன்றைய பேர் விழாது, சம்பளமும் இல்லை. அப்படியும் வந்திருந்தார்கள்.

முதலில் புஷ்பராணி. முப்பது சொச்சம் வயது, தலையில் கம்பளித் தொப்பி, குரலில் தயக்கமே இல்லை. மகள் டிலுக்ஷிக்குப் பத்து வயது, இரண்டு வருடமாக இன்சுலின். மகன் கவிஷனுக்கு ஐந்து. அந்த எண்ணைக் கேட்டதும் நான் பெட்டியைத் துடைப்பதுபோலத் திரும்பிக்கொண்டேன்.

“ரெண்டு பேரும் வெறும் வயித்தோடயா?” என்று டொக்டர் கேட்டார்.

“ஆமாங்க. ஒன்னும் குடுக்கல.”

ஐந்து தாய்மாரும் அதையே சொன்னார்கள். தர்ஷனி ஒவ்வொரு பிள்ளையாக உட்காரவைத்து, ஊசி தெரியாமல் பேச்சுக் கொடுத்துக்கொண்டே எடுத்தார். நான் குழாய்களை வாங்கிப் பெட்டியில் அடுக்கினேன். கவிஷன் அழவில்லை. ஊசி போனதும், “முடிஞ்சிச்சா? அக்கா இதுக்கா தினம் கத்துறா?” என்றான். எல்லாரும் சிரித்தார்கள், டிலுக்ஷியைத் தவிர.

“ஒனக்கு என்னடா, சீனி போட்டுத் தேத்தண்ணி குடிச்சிட்டு வந்தவன்!” என்று அவள் பாய்ந்தாள். “டொக்டர், அம்மா இவனுக்கு மட்டும் பெரிய கோப்பையில குடுத்தாங்க. எனக்குத் தரல. எப்பவுமே இப்படித்தான்!”

“ஏய், வாய மூடு. தேத்தண்ணி ஒரு சாப்பாடாடி?” என்றார் புஷ்பராணி.

தர்ஷனி கையிலிருந்த குழாயைக் கீழே வைத்துவிட்டுப் புஷ்பராணியைப் பார்த்தார். ஆனால் நான் பார்த்தது டிலுக்ஷியை. அந்தக் குளிரில், நாங்கள் எல்லாம் ஸ்வெட்டரை இழுத்து மூடிக்கொண்டிருந்த இடத்தில், அவளுடைய மேலுதட்டில் வேர்வை. என் மகளுக்கும் சீனி இறங்கும்போது முதலில் வருவது மயக்கம் அல்ல, கோபம். அப்புறம் வேர்வை.

“டொக்டர், பிள்ளைக்கு இறங்குது,” என்றேன். கத்தினேன் என்று சுனில் பிறகு சொன்னார்.

விரலைக் குத்திப் பார்த்தபோது மீட்டர் காட்டியது ஐம்பத்தொன்று, எழுபதுக்குக் கீழே போகவே கூடாது. என் சட்டைப் பையில் எப்போதும் குளுக்கோஸ் வில்லை இருக்கும். அவள் வாயில் மூன்றைத் திணித்தேன். கீழ்க்கணக்கு என்கிற கீழ்ப்பிரிவின் லயத்து வரிசை வீட்டிலிருந்து ஒரு மணித்தியாலம் மலை ஏறி நடந்திருக்கிறார்கள், ஒன்றுமே சாப்பிடாமல். கால் மணித்தியாலம் கழித்து மறுபடி குத்தினோம். எண்பத்தெட்டு. பிஸ்கட் கொடுத்தோம். அவள் தம்பிக்கு ஒரு பிஸ்கட்டை நீட்டி, “இந்தா, மூஞ்சியத் தொங்கப் போடாத,” என்றாள்.

பிறகு தர்ஷனி மற்றத் தாய்மாரிடம் போய், பதமாகக் கேட்டார். ஒவ்வொருவரும் அதே கதை. சுகமான பிள்ளைக்குச் சீனி போட்ட தேத்தண்ணி. நோயாளிப் பிள்ளைக்கு ஒன்றுமில்லை, அல்லது சீனி இல்லாமல் ரெண்டு மடக்கு.

“வெறும் வயிறுன்னு சொன்னீங்களேம்மா?”

“வெறும் வயிறுதாங்க!” என்றார் புஷ்பராணி, கோபமாகவே. “ரொட்டி இல்ல, சோறு இல்ல, தேத்தண்ணி மட்டும். இந்தப் பனியில பச்சப் புள்ளைய ஒரு வா தேத்தண்ணி இல்லாம வெளியே கூட்டியார நான் என்ன பேயா? மூத்தவளுக்குச் சீனி ஆகாதுன்னு நீங்கதானே சொன்னீங்க. அதான் குடுக்கல. சொன்னபடிதானே செஞ்சேன்?”

சொன்னபடிதான் செய்திருந்தார். இங்கே தேத்தண்ணி சாப்பாட்டுக் கணக்கில் வராது. எழும்பியதும் வாய்க்குள் போகிற முதல் சூடு அது. தர்ஷனி ஒரு சின்ன நாற்காலியில் உட்கார்ந்து எனக்கு விளக்கினார். எதிர்ப்பொருளுக்குப் பாதிப்பில்லை, அது தேத்தண்ணிக்கு மாறாது. ஆனால் சி-பெப்டைட் மாதிரி, சீனி குடித்தால் ஏறுகிற மற்ற அளவுகள் எல்லாம் வீண். சுகமான பிள்ளைகள் எல்லாரும் சீனி குடித்தவர்கள், நோயாளிகள் எல்லாரும் குடிக்காதவர்கள். ஆய்வு இப்படியே நடந்து முடிந்திருந்தால், அக்காவுக்கும் தம்பிக்கும் இடையே பெரிய வித்தியாசம் கண்டோம் என்று எழுதியிருப்பார்கள். கண்டது நோயை அல்ல, ஒரு கோப்பைத் தேத்தண்ணியை.

“பெட்டிய மாத்திக் கலந்து வச்சோம், வயித்தக் கலக்க மறந்துட்டோம்,” என்றார். சிரிப்புமில்லை, அழுகையுமில்லை. அங்கேயே முடிவும் எடுத்தார். இனி யாரும் பட்டினியாக வர வேண்டாம். அந்த மலையில் இன்சுலின் போடும் பிள்ளையைப் பட்டினியோடு நடக்கவிட்டதே முதல் தப்பு. எல்லாருக்கும் ஒரே பானம், ஒரே அளவு, ஆய்வாளர் கண் முன்னால். நோயாளிக்கு அதற்கேற்ற இன்சுலின். பிறகு குறித்த நேரத்தில் இரத்தம்.

நான் பெட்டிகளை மூடத் தொடங்கினேன். இரத்தத்தை நுவரெலியாவில் இயந்திரத்தில் சுழற்றிப் பிரிக்க வேண்டும், நேரம் ஓடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் புஷ்பராணி அந்தக் கேள்வியைக் கேட்டார். கொழும்பிலிருந்து நான் விழுங்கிக்கொண்டே வந்த கேள்வி.

“இவனுக்கும் வருமா வராதான்னு அந்த ரத்தத்துல தெரிஞ்சா, எனக்குச் சொல்லுவீங்களா?”

தர்ஷனி மழுப்பவில்லை. “இப்ப உள்ள திட்டப்படி, ஆய்வு முடியிற வரைக்கும் தனித்தனியா யாருக்கும் சொல்றதில்லம்மா. ஒரே ஒரு எதிர்ப்பொருள் இருந்தா அது சில நேரம் தானாவே மறைஞ்சுடும். வீணாப் பயந்துடுவீங்க. ரெண்டு, மூணு இருந்தாத்தான் பெரும்பாலும் நோயில போய் முடியும்.”

“ரெண்டு மூணு இருந்தாலும் சொல்ல மாட்டீங்க?”

“இப்ப உள்ள திட்டத்துல இல்ல.”

“மருந்து இருக்கா?”

“தள்ளிப்போடுற மருந்து ஒன்னு வெளிநாட்டுல வந்திருக்கு. நமக்கு இன்னும் கைக்கு எட்டல.”

புஷ்பராணி மகனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “மருந்து இல்லாட்டிப் போகுது. மூத்தவளுக்கு வந்தப்ப வாந்தின்னு நெனச்சு வீட்டுலயே வச்சிருந்தேன். மழையில லொறியப் புடிச்சு ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள கண்ணு சொருகிடுச்சு. இவனுக்கு எப்ப ஓடணும்னு தெரிஞ்சாப் போதும் எனக்கு. அத நீங்க தெரிஞ்சு வச்சுக்கிட்டு நான் தெரியாம இருக்கணும்னா, அவன் ரத்தத்தத் திருப்பிக் குடுங்க.”

தர்ஷனி என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் பெட்டியைத் திறந்து, டிலுக்ஷியின் குழாய்க்குப் பக்கத்தில் இருந்த கவிஷனின் குழாய்களை எடுத்துக் கொடுத்தேன். ஐஸ் பட்டுக் குளிர்ந்திருந்தன. புஷ்பராணி அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். இன்னும் இரண்டு தாய்மார் எழுந்து வந்து தங்கள் சின்னவர்களுடையதையும் கேட்டார்கள். தர்ஷனி அந்தக் குழாய்களை எல்லாம் பாதுகாப்பாக அழிக்கும் பையில் வாங்கிப் போட்டார். யாரிடமும் முகம் சுளிக்கவில்லை.

“நான் தனியா மாத்த முடியாதும்மா. ஆய்வுக்கு அனுமதி குடுத்த ஒழுக்கநெறிக் குழுகிட்டக் கேக்கணும்.”

“கேட்டுட்டு வாங்க. இவன் எங்க போயிடப் போறான், இங்கதான் இருப்பான். அடுத்த தடவ நீங்களே தேத்தண்ணி ஊத்துங்க, சீனி ஒழுங்காப் போட்டு.”

லிந்துலையிலிருந்து நுவரெலியா இருபத்தைந்து கிலோமீற்றர் அளவு. மரக்கறி லொறிகளுக்குப் பின்னால் மாட்டி ஒன்றே கால் மணித்தியாலம் போனது. மிச்சமிருந்த குழாய்கள் கெடாமல் நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தன. பெட்டிகள் தேறிவிட்டன. பாதி ஆய்வு தேறவில்லை. நானுஓயாவுக்குப் பக்கத்தில் தர்ஷனி கேட்டார்: “அண்ணன், நீங்க ஏன் ஒன்னும் சொல்லல? உங்க பையன் விஷயமும் அதுதானே?”

“எனக்குக் கேக்கத் தெரியாத கேள்விய அந்தம்மா கேட்டுட்டாங்க,” என்றேன். “நான் தெரிஞ்சுக்கலாமா வேணாமான்னுதான் யோசிச்சேன். தெரிஞ்சவங்க நமக்குச் சொல்லாம இருப்பாங்கன்னு யோசிக்கல.”

நுவரெலியாவில் இறங்கியதும் மனைவிக்கு அழைத்தேன். எடுக்கலாம், ஆனால் முடிவை நமக்குச் சொல்வதாக இருந்தால் மட்டும் என்றேன். “இதுக்கா மலை ஏறிப் போனீங்க? நான் அப்பவே சொன்னேனே!” என்றாள். சொன்னாள்தான்.

குழு சில மாதம் எடுத்துக்கொண்டது. விதி மாறியது. இரண்டோ அதற்கு மேலோ எதிர்ப்பொருள் கண்டால், இரண்டாம் தடவை எடுத்து உறுதி செய்தபின் பெற்றோருக்குச் சொல்வார்கள். ஒன்று மட்டும் என்றால், ஒன்று என்றே சொல்லி மறுபடி வரச் சொல்வார்கள். தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள் முன்கூட்டியே மறுக்கலாம். கவிஷன் இரண்டாம் தடவை வந்தான் என்று தர்ஷனி சொன்னார். பானம் தேத்தண்ணி மாதிரி இல்லை என்று குறை சொன்னானாம்.

போக நினைக்கிற பெற்றோருக்குச் சில விஷயங்கள். மலைக் குளிரில் இன்சுலினை ஐஸ் பொதிமேல் நேராக வைக்காதீர்கள், துணி சுற்றுங்கள். உறைந்த இன்சுலின் உருகித் தெளிந்தாலும் பிறகு பாவிக்கக் கூடாது. மீட்டரை உள்சட்டைப் பையில் வையுங்கள், குளிரில் அது சண்டித்தனம் பண்ணும். விரலைத் தேய்த்துச் சூடாக்கிவிட்டுக் குத்துங்கள். கித்துல்கல வளைவுகளில் பிள்ளை வாந்தி எடுத்தால் வளைவின்மேல் பழி போட்டுவிட்டு இருக்காமல் சீனியைப் பாருங்கள். உங்கள் டொக்டரைக் கேட்காமல் இன்சுலினை நிறுத்தாதீர்கள். எந்த ஆய்வுக்கும் பிள்ளையைக் கொடுக்கும் முன், தெரிந்தால் சொல்வீர்களா என்று கேளுங்கள். பட்டினி என்றால் தேநீரும் கூடாதா என்றும் கேளுங்கள். இன்னொன்று: இந்த நோய் பல பிள்ளைகளில் முதலில் தாகமாகத்தான் வரும். குடித்துக்கொண்டே இருப்பார்கள், ஓடி ஓடிச் சிறுநீர் கழிப்பார்கள். அதைக் காய்ச்சல் என்று நினைத்து வீட்டில் வைத்திருக்காதீர்கள்.

மகனுக்குப் போன வாரம் இரத்தம் எடுத்தோம். முடிவு வர இன்னும் நாளாகும். இன்று காலையிலும் அவன் விளையாட்டிலிருந்து ஓடி வந்து தண்ணீர் கேட்டான். நல்ல வெயில், எந்தப் பிள்ளைக்கும் தாகம் எடுக்கும். ஊற்றிக் கொடுத்தேன். அவன் எத்தனை மடக்குக் குடிக்கிறான் என்று எண்ணாமல் ஜன்னல் பக்கம் திரும்பி நிற்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். இன்று மூன்றாவது மடக்கு வரைக்கும்தான் முடிந்தது, திரும்பிப் பார்த்துவிட்டேன்.